ஏறத்தான் படி... தொங்குவதற்கு அல்ல!
1968 ஜீப்புக்கு ஒரு மடக்குப் படி

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்ளும் ஊர். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் என்று ஏலத்தோட்டத்து வேலையாட்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். பெரும்பாலும் பெண்கள். போடிமெட்டு மலைச்சாலையில் ஹெட்லைட் வெளிச்சங்கள் வரிசையாக ஏறும். தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களுக்கு ஜீப் என்பது பழைய வண்டியோ பந்தா வண்டியோ அல்ல. மண்வெட்டி, அரிவாள் மாதிரி ஒரு வேலைச் சாமான்.

அப்படி ஒரு ஜீப் போடிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மாட்டுக்கொட்டகையில் பதினைந்து வருடம் தூசியோடு நின்றது. அவருடைய அப்பா காலத்து வண்டி. 1968-ல் பதிவானது. அடிவாரத்தில் மாவும் தென்னையும், மேலே மலைச்சரிவில் காபியும் மிளகும் அவருடைய வெள்ளாமை. மேல் தோட்டத்துக்குப் போவது மண் பாதை. வேறு வண்டி எதுவும் மழைக்காலத்தில் அங்கே ஏறாது. அதனால் அப்பாவின் ஜீப்பைத் தட்டி எழுப்ப முடிவு செய்தார். இரண்டு வருடம் பிடித்தது. இன்ஜின் போரிங், தரைத்தகடு மாற்றம், வயரிங், பெயின்ட் என்று எல்லாம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கியது.

வண்டி ஓடிய முதல் மழைக்காலத்திலேயே அந்தச் சம்பவம் நடந்தது. ஐப்பசி அடைமழை. சேறு அப்பிய காலோடு ஜீப்பில் ஏறிய அறுபது வயது அம்மா ஒருவர், பக்கவாட்டு விளிம்பில் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறது. ஆஸ்பத்திரிச் செலவையும் வேலைக்கு வராத நாட்களின் கூலியையும் விவசாயி கொடுத்தார்.

“காசு கொடுத்தாச்சுன்னு மனசு ஆறலை. வண்டியைப் பளபளன்னு ஆக்குனேன். ஏறுறதுக்கு ஒரு படி வைக்கணும்னு தோணலையே!” என்கிறார் அவர்.

படி வைப்பது சின்ன வேலை என்றுதான் நினைத்தார். அது மூன்று முறை செய்து பார்த்த வேலையாக முடிந்தது. அந்த மூன்று முறையிலும் கிடைத்த பாடம், பழைய ஜீப், வேன், லாரி வைத்திருக்கும் எல்லா விவசாயிகளுக்கும் பயன்படும்.

படி ஏன் இல்லாமல் போனது?

அந்தக் காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றுக்கும் பக்கவாட்டில் நீளமான படிப்பலகை இருந்தது. முன் மட்கார்டில் தொடங்கிப் பின் மட்கார்டு வரை போகும். வண்டியின் உடல் ஒடுக்கம், தரையிலிருந்து உயரம் அதிகம். படி இல்லாமல் ஏற முடியாது. பிறகு வண்டியின் உடல் மட்கார்டு அகலத்துக்கு விரிந்தது, உயரம் குறைந்தது. படிப்பலகை தானாக மறைந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் ஓடிய செவர்லே பிக்அப் வண்டிகளில் இந்த மாற்றத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். 1947-ல் வந்த மாடலில் வெளியே தெரியும் படிப்பலகை உண்டு. 1955-ல் வந்த புது மாடலில் படி கதவுக்கு உள்ளே போய்விட்டது. இன்று அந்தப் பழைய பிக்அப்களைப் புதுப்பிக்கும் அமெரிக்க விவசாயிகள், துருப்பிடித்துப் போன படிப்பலகைக்குப் பதிலாக இரும்பிலோ மரத்திலோ சொந்தமாகச் செய்து மாட்டுவது வழக்கம்.

ஜீப்பின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இதைப் பதிந்து வைத்த பெயரே ‘டிரக், கால் டன், 4×4’ என்பதுதான். அதாவது, ஜீப் பிறந்ததே ஒரு குட்டி லாரியாக. மேடு பள்ளத்தில் தட்டக் கூடாது என்பதால் பக்கவாட்டில் படி கிடையாது. போர் முடிந்ததும் 1945-ல் வில்லிஸ் நிறுவனம் விவசாயிகளை மனதில் வைத்து சி.ஜே.2ஏ என்ற ஜீப்பை விற்றது. ஏர் இழுக்கவும், பி.டி.ஓ. மூலம் கருவிகளை ஓட்டவும் அதில் வசதி கொடுத்தார்கள். 1953-ல் வந்த சி.ஜே.3பி மாடலைத்தான் மஹிந்திரா நம் நாட்டில் பல்லாண்டுகள் தயாரித்தது. போடிக்காரரின் வண்டியும் அதுவே. உயரமான பானெட், நாலு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம். ராணுவ வீரன் தாவி ஏறுவதற்காக வடிவமைத்த உடம்பு. அறுபது வயது மூட்டுவலிக்காரருக்காக அல்ல.

முதல் படி: மூன்று மாதத்தில் விரிசல்

முதல் தடவை அவசரம். டவுனில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு இரும்புக் கோணத்தை ஜீப்பின் பக்கத் தகட்டில் ஒரு முனையும் சேஸிஸில் ஒரு முனையுமாக வைத்து வெல்டிங் அடித்து, மேலே ஒரு செக்கர் பிளேட்டைப் பதித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது.

மூன்று மாதத்தில் பக்கத் தகட்டில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. அடுத்த மாதம் விரல் நீளத்துக்கு வளர்ந்தது. படியில் கால் வைத்தால் மொத்தமும் ஆடியது. அப்போதுதான் அவர் தன் அப்பாவின் வண்டியை வேலை பார்த்த பழைய மெக்கானிக்கைத் தேடிப் போனார். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர், இப்போது மகனுடைய பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“வெல்டிங் அடிக்கும்போது பெட்ரோல் டேங்க்கைக் கழட்டுனாய்ங்களா தம்பி?”

“இல்லண்ணே... அப்படியேதான் வச்சு அடிச்சாங்க.”

“உன் அப்பா புண்ணியம். இந்த வண்டிக்கு டேங்க் எங்க இருக்கு? முன் சீட்டுக்கு அடியில. வெல்டிங் அடிச்ச எடத்துல இருந்து ஒரு முழம்கூட இல்ல.”

இந்த வகைப் பழைய ஜீப்களில் பெட்ரோல் டேங்க் முன் இருக்கைக்குக் கீழேயே இருக்கும். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் ஆபத்து குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். நிரம்பிய டேங்க்கைவிட, முக்கால்வாசி காலியான டேங்க்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்பதுதான் வெடிக்கும் கலவை. வண்டியில் எந்த இடத்தில் வெல்டிங் அடிப்பதாக இருந்தாலும் டேங்க்கைக் கழற்றி வெளியே தூரமாக வைக்க வேண்டும். பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் தயாராக இருக்க வேண்டும்.

விரிசலுக்குக் காரணத்தையும் பெரியவரே விளக்கினார். ஜீப்பில் சேஸிஸ் தனி, உடல் தனி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தைகள் உண்டு. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது சேஸிஸ் முறுக்கிக்கொடுக்கும். உடல் அந்த அளவுக்கு முறுக்காது. இரண்டையும் ஒரே இரும்பால் கட்டிப்போட்டால், ஒவ்வொரு முறுக்கும் மெல்லிய தகட்டைத்தான் இழுக்கும். கடைசியில் தகடு கிழியும்.

“படி ஒண்ணு சேஸிஸ்காரனோட இருக்கணும், இல்லாட்டி பாடிக்காரனோட இருக்கணும். ரெண்டு பேருக்கும் பொண்ணு கொடுத்தா குடும்பம் நிக்குமா?” என்று அவர் சிரிக்கிறார். ஆள் ஏறும் பாரத்தை உடல் தகடு தாங்காது. எனவே சேஸிஸ்தான் ஒரே வழி.

எழுபது கிலோ ஆள், 450 கிலோ இழுப்பு

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. ஜீப்பின் சேஸிஸ் ஒடுக்கம். உடல் அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் படியைத் தாங்கும் கை சேஸிஸிலிருந்து வெகுதூரம் வெளியே வர வேண்டும். கால் வைக்கும் இடம் சேஸிஸிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே நின்றால், 70 × 45 = 3,150 கிலோ-செ.மீ. நெம்புவிசை உண்டாகிறது. தாங்கும் தகட்டின் கீழ் விளிம்பு சேஸிஸில் அழுந்த, மேல் போல்ட்டுகள் அதிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் இருந்தால், அவற்றின் மீது விழும் இழுப்பு 3,150 ÷ 7 = 450 கிலோ. மூட்டையோடு குதித்து இறங்கினால் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் போகும்.

8.8 தரக் குறியுள்ள 10 மி.மீ. போல்ட் ஒன்றே மூன்று டன்னுக்கு மேல் இழுப்பைத் தாங்கும். ஆகவே, போல்ட் அறுந்து விழுவது அரிது. போல்ட் பிடித்திருக்கும் தகடு கிழிவதும், சேஸிஸ் முறுங்குவதும்தான் நடக்கும். சேஸிஸ் என்பது ‘ப’ வடிவச் சட்டம். மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் முறுக்கினால் எளிதில் கொடுக்கும். அதனால்தான் பெரியவர் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்.

ஒன்று, தாங்கு கைகளைக் குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடங்களுக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும். அங்கே சேஸிஸ் முறுங்காமல் குறுக்குச் சட்டம் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு, சேஸிஸின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளை போடவோ வெல்டிங் அடிக்கவோ கூடாது. பாரம் ஏறும்போது அதிக இழுப்பும் அமுக்கமும் அந்த விளிம்புகளில்தான் வரும். அங்கே விழும் சின்னத் துளையும் வெல்டிங் சூடுபட்ட இடமும் விரிசலுக்கு விதை. துளை போடுவதென்றால் நிமிர்ந்து நிற்கும் நடுப் பக்கத்தில், விளிம்புகளிலிருந்து தள்ளிப் போட வேண்டும். ஏற்கெனவே தொழிற்சாலை போட்ட துளை வாகான இடத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துவது உத்தமம்.

இரண்டாவது படி: ஏறியவர்கள் இறங்கவில்லை

இரண்டாவது முறை வேலை ஒழுங்காக நடந்தது. டேங்க் கழன்றது. பழைய வெல்டிங்கை அறுத்து, பக்கத் தகட்டின் விரிசல் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, அடைத்துச் சரி செய்தார்கள். பிறகு அட்டையில் அளவு வெட்டி மாதிரி பார்த்தார்கள். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் படியில் உரசுகிறதா என்று பார்த்தார்கள். சைலன்சர் குழாய் எங்கே போகிறது, ஸ்பிரிங் பட்டை எவ்வளவு மேலே வரும் என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

உயரத்தை முடிவு செய்ததில்தான் ஒரு அழகு. யாரும் டேப் பிடித்து நடுவில் கோடு போடவில்லை. கை குணமாகி வந்த அந்த அம்மாவையே பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி ஏறச் சொன்னார்கள்.

“எந்த உயரம் சௌகரியமா இருக்கு ஆத்தா?”

“இன்னும் ஒரு கல்லு எடுத்துருப்பா. சேலையில ஏறும்போது இம்புட்டு மேல காலைத் தூக்க முடியாது.”

கடைசியில் தரையிலிருந்து 35 செ.மீ. என்று முடிவானது. ஜீப்பின் விளிம்பு சுமார் இரண்டடி உயரம் என்பதால் ஏற்றம் ஏறக்குறைய இரண்டு பாதியாகப் பிரிந்துவிட்டது. ஆண்கள் நின்று அளவெடுத்திருந்தால் இன்னும் அரை அடி மேலே போயிருக்கும்.

90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். 3 மி.மீ. செக்கர் பிளேட். படியின் எடை நாலரை கிலோவுக்குப் பக்கம். வெளி விளிம்பு ஜீப்பின் மட்கார்டைத் தாண்டி ஒரு அங்குலம்கூட வரவில்லை. எல்லாம் கச்சிதம்.

முதல் நாள் காலை வேலையாட்கள் ஏறினார்கள். பெண்கள் சிரமமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியதும் விவசாயி கண்ணாடியில் பார்த்தார். இரண்டு இளவட்டங்கள் படியில் நின்று கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள்!

“முந்தி தொங்க எடமே இல்ல. நானே காசு போட்டு எடம் பண்ணிக் கொடுத்துட்டேன்னு வயித்தைக் கலக்கிருச்சு” என்கிறார் அவர். சத்தம் போட்டார், இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து வேறு இருவர். மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் ஜீப் ஒதுங்குவது பாறையை ஒட்டித்தான். படியில் நிற்பவரின் முதுகுக்கும் பாறைக்கும் நடுவே இடமே இருக்காது.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு, வண்டியின் படிப்பலகையில் ஆளை ஏற்றிச் செல்வதைத் தடை செய்கிறது. ஓட்டுபவரும் அனுமதிக்கக் கூடாது. பயணிப்பவரும் படியிலோ கூரையிலோ பானெட்டிலோ பயணிக்கக் கூடாது. ஆக, ‘அவன்தானே தொங்கினான்’ என்று ஓட்டுநர் கையை விரிக்க முடியாது.

மூன்றாவது படி: மடக்கினால்தான் வண்டி நகரும்

தீர்வு பெரியவரிடமிருந்து வரவில்லை. அவருடைய மகனிடமிருந்து வந்தது. டிராக்டர் டிரெய்லரின் பின்கதவைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: “ஏண்ணே, இதையும் அது மாதிரி மடக்கிட்டா?”

தாங்கு கைகள் அப்படியே இருந்தன. படித்தகட்டை மட்டும் கழற்றி, 16 மி.மீ. இரும்புக் கம்பியை அச்சாக வைத்துக் கீல் போட்டார்கள். கீழே விழுந்தால் தாங்கு கையின் மீது சமமாக உட்காரும். மேலே தூக்கினால் ஜீப்பின் பக்கத்தோடு ஒட்டி நிற்கும். ஸ்பிரிங் பின் ஒன்று அதைப் பூட்டும். தகடு 20 செ.மீ. அகலம்தான் என்பதால் மடக்கினாலும் ஏறும் விளிம்பைவிடத் தாழ்வாகவே நிற்கிறது. உடலோடு உரசாமல் இருக்க இரண்டு ரப்பர் கட்டை. படி மடங்கி நின்றால் வெளியே கால் வைக்க இடமே இல்லை. தொங்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. வரப்பு ஏறும்போதும், பாதையில் கிடக்கும் கல்லைத் தாண்டும்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் படி தட்டும் பிரச்னை குறைந்தது.

இப்போது அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஏறியதும், படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படியைத் தூக்கிப் பூட்டி, “படி மடக்கியாச்சு” என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் விவசாயி கியர் போடுவார். பெரும்பாலும் அந்தக் குரல், கை முறிந்து குணமான அந்த அம்மாவுடையது.

படி செய்யும்போது கவனிக்க வேண்டியவை

வழுக்கல்: செக்கர் பிளேட்டில் சேறு அடைத்துக்கொண்டால் அதுவும் வழுக்கும். மழை அதிகமுள்ள இடத்தில் வலைபோலத் திறந்திருக்கும் இரும்புத் தகடு நல்லது. சேறு கீழே விழுந்துவிடும்.

முனைகள்: தகட்டின் ஓரங்களை மடித்துவிட வேண்டும், மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூர்மையான விளிம்பு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பைப் பதம் பார்க்கும். போல்ட்டின் நீட்டிய முனை வெளிப்பக்கம் தெரியக் கூடாது. சேலையின் ஓரமோ கைலியோ மாட்டினால் ஏறுபவர் தலைகுப்புற விழுவார்.

கைப்பிடி: படி பாதி வேலைதான். உள்பக்கம் பிடித்து ஏற ஒரு கம்பி வேண்டும். வெளிப்பக்கம் கைப்பிடி வைக்கக் கூடாது. அது தொங்குவதற்கு அழைப்பு. ஏறும்போது இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும்.

போல்ட்: 8.8 தரக் குறி தலையில் பொறித்திருக்கும் போல்ட், இரண்டு பக்கமும் வாஷர், நைலான் வளையம் உள்ள நட். சேஸிஸின் உள்பக்கம் 6 மி.மீ. கனத்தில் ஒரு தகடு வைத்து முறுக்கினால் இழுப்பு பரவலாகும். மாட்டிய பிறகு முதல் வாரத்திலும் பிறகு மாதம் ஒரு முறையும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

துரு: சதுரக் குழாயில் செய்தால் தண்ணீர் வடிய அடியில் துளை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருந்து துரு தின்னும்; வெளியே பெயின்ட் மட்டும் நிற்கும். ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு அடித்த பிறகே பெயின்ட். அலுமினியத் தகடு போடுவதென்றால், இரும்போடு நேராகத் தொடாமல் நடுவே ரப்பர் வைக்க வேண்டும். ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும்.

சோதனை: ஆளை ஏற்றுவதற்கு முன், வண்டியை நிறுத்தி வைத்து, படியின் வெளி விளிம்பில் இரண்டு உர மூட்டை எடைக்குப் பாரம் வைத்துப் பார்க்க வேண்டும். பாரத்தை எடுத்ததும் படி பழைய மட்டத்துக்கே திரும்பவில்லை என்றால் எங்கேயோ வளைந்திருக்கிறது என்று பொருள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். ஆகவே, வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. போல்ட்டில் மாட்டிய, கழற்றக்கூடிய, வண்டியின் அகலத்தைத் தாண்டாத படி என்றால் பேசுவது சுலபம். வெட்டி வெல்டிங் அடித்ததைத் திரும்பச் சரி செய்வது கஷ்டம்.

போடி விவசாயியிடம் இப்போது பலர் வந்து ஜீப்பை விலைக்குக் கேட்கிறார்கள். படியைக் கழற்றிவிட்டு விண்டேஜ் வண்டியாகப் பதிந்தால் மதிப்பு கூடும் என்று சிலர் சொன்னார்கள். அவர் யோசித்தார். மறுத்துவிட்டார்.

“கண்காட்சியில நிக்கிறதுக்காகவா இதைக் கொட்டகையில இருந்து வெளிய எடுத்தேன்? எங்க அப்பா இதுல மூட்டை ஏத்துனாரு. நான் ஆத்தாளை ஏத்துறேன். ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்கிறார்.

சொல்லி முடிக்கும்போது ஜீப்புக்குள்ளிருந்து குரல் வருகிறது: “படி மடக்கியாச்சு தம்பி!”

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் 55 வருடப் பழைய ஜீப் உள்ளது. விண்டேஜ் பதிவு வாங்கினால் தோட்டத்து வேலைக்கு ஓட்டலாமா?

பதில்: கூடாது. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். புதிய பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால், கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வணிகத்துக்கும் அனுமதி இல்லை. வேலைக்கு வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வையுங்கள்.

கேள்வி: சொந்த ஜீப்பில் என் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிச் சென்று விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இழப்பீடு கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பயணிகளுக்கும் வேலையாட்களுக்கும் தனியாகப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் புதுப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையைத் தாண்டி ஏற்றினாலும், சொந்த வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினாலும் சிக்கல் வரும். அப்போது நஷ்டஈடு உங்கள் தலையில் விழலாம். அதற்கு நிலத்தையே விற்க நேரலாம்.

கேள்வி: இதே மடக்குப் படியை டிராக்டர் டிரெய்லரின் பின்னால் வைக்கலாமா?

பதில்: மூட்டை ஏற்றி இறக்குபவர்களுக்கு அது மிகவும் உதவும். டிரெய்லரின் பின்சட்டம் கனமானது என்பதால் மாட்டுவதும் எளிது. ஆனால், ஏறும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். டிராக்டரிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தால், முன்பக்கத் தாங்கு காலை இறக்கியிருந்தாலும் பின்படியில் ஏறக் கூடாது. பின் பாரத்தில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். டிரெய்லர் ஓடும்போது படி மடங்கியே இருக்க வேண்டும். அதில் ஆளும் இருக்கக் கூடாது.